ஷூ அட்டைக்கு எந்தப் பசை?

கேம்பஸ் இன்டர்வியூ நெருங்கினால் எங்கள் பாலிடெக்னிக் பையன்கள் பரணில் கிடக்கும் கறுப்பு ஷூவைத் தூசி தட்டி எடுப்பார்கள். அண்ணன் போட்டது, மாமா கொடுத்தது, பன்னிரண்டாம் வகுப்பில் வாங்கி இன்னும் கால் நுழைவது என்று எல்லாம் இருக்கும். பாலிஷ் போட்டால் வெளியே பளபளக்கும். உள்ளே இருக்கும் அட்டை மட்டும் பெயர்ந்து, நடக்க நடக்க முன்னால் போய், விரலுக்கடியில் சுருண்டு கிடக்கும். அதை ஒட்டிக்கொள்ள ஒர்க்‌ஷாப்புக்கு வருவார்கள்.

வரும்போதே முடிவெடுத்துவிட்டு வருவதுதான் சிக்கல். ஒருவன் செல்போனில் வீடியோ காட்டுவான்: சூப்பர் குளூவைக் கொட்டி, மேலே ஆப்பசோடாவைத் தூவ, நொடியில் கல்லாகிறது. இன்னொருவன், "அப்பா இதைத்தான் சார் போடச் சொன்னாரு" என்று அதே குப்பியை நீட்டுவான். இவர்களில் பலர் பிராஞ்ச் எடுத்த கதையும் இதேதான். ஒருவனுக்குப் பக்கத்து வீட்டு அண்ணன் எடுத்தது, இன்னொருவனுக்கு அப்பா சொன்னது.

எந்தப் பசை என்று கேட்பதற்கு முன்னால், பசை வேண்டுமா என்று பாருங்கள். ஸ்போர்ட்ஸ் ஷூ பலவற்றில் அட்டை ஒட்டப்படாமலே வரும். கழற்றித் துவைத்து நிழலில் காயவைக்கத்தான் அப்படி. அதை ஒட்டிவிட்டால் வியர்வை நாற்றம் உள்ளேயே குடியிருக்கும். டாக்டர் எழுதிக் கொடுத்துப் போடும் அட்டையையும் ஒட்டக் கூடாது. அட்டையின் அடியில் இருக்கும் ஸ்பாஞ்சைக் கட்டைவிரலால் தேய்த்துப் பாருங்கள். மாவாக உதிர்ந்தால் அதன் ஆயுள் முடிந்துவிட்டது. உதிர்கிற பரப்பில் எந்தப் பசையும் நிற்காது, புது அட்டைதான் வழி.

ஒட்டத்தான் வேண்டும் என்றால், சில்லறை வழிகளைச் சுருக்கமாகச் சொல்லி முடித்துவிடுகிறேன். இரண்டு பக்கமும் ஒட்டும் டேப் ஒரு நாள் அவசரத்துக்கு உதவும். ஷூ சூடேறினால் நழுவும். தச்சர்கள் பயன்படுத்தும் வெள்ளைப் பசை மரத்துக்கு அருமையானது. ஆனால் காய்ந்த பிறகும் ஈரம் பட்டால் இளகும் வகைதான் வீட்டில் பெரும்பாலும் இருக்கும், ஷூவுக்குள்ளோ தினமும் வியர்வை. குளூ கன்னால் ஒட்டினால் பாதத்துக்கடியில் உருண்டை உருண்டையாக நிற்கும். மொட்டை மாடியில் வெயிலில் வைத்தால் அதுவும் இளகும். இரண்டு டியூபைக் கலந்து பூசும் எபாக்ஸி, குடத்து ஓட்டையை அடைக்கலாம்; வளையவே வளையாது என்பதால் ஷூவுக்குள் அதற்கு வேலை இல்லை.

இனி அந்தக் குப்பிக்கு வருகிறேன். பெட்டிக்கடையில் ஷாம்பு சரத்துக்குப் பக்கத்தில் தொங்குவது, வீட்டுக்கு வீடு அலமாரியில் இருப்பது. அதன் மேல் எனக்குத் தனிப்பட்ட விரோதம் ஏதும் இல்லை. உடைந்த பீங்கான் கப்பின் கைப்பிடிக்கு நானும் அதைத்தான் எடுப்பேன். அதன் வேதிப்பெயர் சயனோஅக்ரிலேட். 1942-ல் அமெரிக்காவின் ஈஸ்ட்மன் கோடக் நிறுவனத்தில் ஹாரி கூவர் என்பவரின் குழு, துப்பாக்கியின் குறிபார்க்கும் பாகத்துக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடியபோது கிடைத்தது. தொட்டதிலெல்லாம் ஒட்டிக்கொள்கிறதே என்று ஒதுக்கிவிட்டார்கள். 1951-ல் அதன் அருமை புரிந்து, 1958-ல் விற்பனைக்கு வந்தது. காற்றிலும் பரப்பிலும் இருக்கும் துளி ஈரமே அதை இறுகச் செய்கிறது. விரலில் பட்டால் விரல் ஒட்டிக்கொள்வதும் அதனால்தான்.

இறுகியபின் அது கிட்டத்தட்டக் கண்ணாடி. நேராகப் பிடித்து இழுத்தால் அபாரமாகத் தாங்கும். ஓரத்தைப் பிடித்து உரித்தால் படபடவென்று விட்டுவிடும். ஷூவின் அட்டைக்கு நேர்வதெல்லாம் இந்த உரிப்புதான். ஒவ்வொரு எட்டிலும் குதிகால் தூக்கும்போது பாதத்தின் முன்பகுதிக்கடியில் அட்டை மடிகிறது, நிமிர்கிறது. பஸ் ஸ்டாண்டிலிருந்து கம்பெனி வாசல் வரை நடப்பதற்குள் ஆயிரம் முறைக்கு மேல் மடிந்துவிடும். கண்ணாடியை எத்தனை முறை மடக்க முடியும்? விரிசல் விட்டு, சில்லுச் சில்லாகப் பெயரும். அந்தச் சில்லுகள் சாக்ஸைக் கிழிக்கும், பாதத்தைக் குத்தும். ஆப்பசோடா தூவினால் இன்னும் மோசம். வீடியோவில் கைதட்டு வாங்குகிற அந்தக் கல், ஷூவுக்குள் கல்லாகவே இருக்கும்.

பையன்களுக்குத் தெரியாத இன்னொன்றும் உண்டு. பருத்தித் துணியில் இந்தப் பசையைத் தாராளமாக ஊற்றினால் அது வேகமாக இறுகும்போது சூடு கிளம்பும். புகை வரும், கண் எரியும், தோலில் பட்டால் பொசுக்கும். ஷூ அட்டையின் மேல்பக்கம் பல நேரம் துணிதான். அட்டையை உள்ளே வைத்து, ஓரத்தில் குப்பியைக் கவிழ்த்து, "உள்ளே இறங்கிடும் சார்" என்பான். இறங்கும். துணியும் உறிஞ்சும். மறுநாள் பார்த்தால் ஓரம் முழுக்க வெள்ளைப் படலம் பூத்து, விரலால் தட்டினால் டக் டக் என்று சத்தம் கேட்கும்.

வீட்டில் சர்க்கரை நோயாளி இருந்தால் அவர் ஷூவின் பக்கமே இந்தக் குப்பியைக் கொண்டுபோகாதீர்கள். நரம்பு மரத்த பாதத்துக்கு அரிசி அளவு மேடு கூடத் தெரியாது. தெரியாமலே நடந்து நடந்து அந்த இடம் புண்ணாகும். தொழுநோயால் மரத்துப்போன பாதங்கள் புண்ணாவதற்குப் பெருங்காரணம் திரும்பத் திரும்ப விழும் அழுத்தமே என்று வேலூரில் டாக்டர் பால் பிராண்ட் எடுத்துக் காட்டினார். எம்.சி.ஆர். செருப்பு என்று இன்று ஆஸ்பத்திரிகளில் கொடுக்கும் மெத்தென்ற ரப்பர் செருப்பு பரவியது அந்த வழியில்தான். அத்தனை பேர் பாடுபட்டு மெத்தென்று ஆக்கியதில், நாம் மேடு வைத்து ஒட்டுவானேன்?

ஷூவுக்கு வேண்டியது ரப்பர் பசை. எனக்கு ஆம்பூர் பக்கம், வளர்ந்ததே சொல்யூஷன் வாசனையில்தான், அதனால் என் பேச்சு கொஞ்சம் சாய்வாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஷூ கம்பெனிகளில் மேல் அட்டையைப் பெரும்பாலும் ரப்பர் பால் பசை தடவித்தான் பதிப்பார்கள். வேலையில் இருப்பவர்களில் பெண்கள் அதிகம், அவர்கள் தடவும் பூச்சின் மெல்லிசைப் பார்த்தால் பசை இருக்கிறதா என்று சந்தேகமே வரும். நமக்கு ஹார்டுவேர் கடையில் கிடைப்பது மஞ்சள் நிறத்தில் பிசுபிசுக்கும் சிந்தெட்டிக் ரப்பர் பசை. "ரெக்ஸின் ஒட்டுற பசை" என்று கேட்டால் தருவார்கள். பலவற்றில் நியோப்ரீன் என்னும் செயற்கை ரப்பர் இருக்கும். 1930-களின் தொடக்கத்தில் டூபாண்ட் நிறுவனம் உலகுக்குக் கொடுத்தது அது. அதுவும் கிடைக்காவிட்டால் பஞ்சர் கடைச் சொல்யூஷனே போதும். பிடிப்பு சற்றுக் குறைவுதான். நாளைக்கு அட்டையை மாற்றும்போது பூப்போல உரியும் என்பதால் எனக்கு அதுதான் ஒருபடி மேல்.

வேலையில் பாதி, ஒட்டுவதற்கு முன்னால் இருக்கிறது. அட்டையைக் கழற்றுங்கள். பழைய பசையை மழுங்கிய கத்தியால் சுரண்டி, இரண்டு பரப்பையும் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, தூசியைத் தட்டி, ஈரம் இல்லாமல் காயவிடுங்கள். பிறகு அட்டையின் அடியிலும் ஷூவின் உள்தளத்திலும் மெல்லிய பூச்சு. ஒரு பக்கம் மட்டும் தடவிவிட்டு அழுத்துவது அடுத்த பெரிய தவறு. இந்தப் பசை தன்னோடு தானே ஒட்டும் சாதி. பத்துப் பதினைந்து நிமிடம் காத்திருந்து, விரல் முட்டியால் தொட்டால் பிசுபிசுக்க வேண்டும், கையோடு வரக் கூடாது. அந்தப் பதத்தில் இரண்டும் தொட்டால் தொட்டதுதான், நகர்த்த முடியாது. அதனால் நடுவில் பட்டர் பேப்பர் ஒன்றை வைத்து, அட்டையை விரல் பக்கம் முதலில் நுழைத்து, ஓரம் பார்த்து, பேப்பரைக் குதிகால் பக்கமாக மெதுவாக உருவுங்கள். உருவ உருவக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே வாருங்கள். கரைப்பான் ஆவி தலையைச் சுற்ற வைக்கும், தீப்பிடிக்கும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், பூஜை விளக்கு எரியும் அறையில் செய்யாதீர்கள். முழு ஷூவும் பி.வி.சி.யில் வார்த்ததாக இருந்தால் இந்த நியோப்ரீன் பசை நாளடைவில் இளகிவிடும், அதற்கு பி.யூ. பசை கேட்டு வாங்க வேண்டும்.

அந்தப் பத்து நிமிடம்தான் நம் பிள்ளைகளுக்குக் கண்டம். தடவியதும் ஒட்ட வேண்டும், படித்ததும் வேலை கிடைக்க வேண்டும். பசை காய்வதற்குள் மூன்று முறை தொட்டுப் பார்ப்பவனையும், தடவிவிட்டு லேத் பக்கம் போய் வேறு வேலை பார்த்துத் திரும்புபவனையும் பார்த்திருக்கிறேன். இரண்டாமவனுக்குக் கைவேலை வரும் என்று மார்க் ஷீட் பார்க்காமலே சொல்லிவிடலாம். தம்பிகளே, உங்கள் கைக்கு எது வருகிறது என்று ஒட்டிப் பார்த்து, சுரண்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். பெற்றோருக்கும் ஒரு வார்த்தை: பையனுக்குக் கைவராவிட்டால் அதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. தெருமுனையில் செருப்புத் தைப்பவரிடம் பையனை அனுப்பக் கூச்சப்பட்டு, வீட்டிலேயே குப்பியைக் கவிழ்க்கச் சொல்கிறீர்களே, அந்தக் கூச்சம்தான் எனக்குப் பிடிபடவில்லை. இந்தக் காரியத்தில் என்னைவிடவும் அவர் தேர்ந்தவர்.

அவரிடம் கொடுக்கும்போது, "பழைய பசையைச் சுரண்டிட்டு ஒட்டுங்கண்ணே, நாளைக்கு வந்து வாங்கிக்கிறேன்" என்று சொல்லுங்கள். நின்று கொண்டு அவசரப்படுத்தினால் அவரும் மேலோட்டமாகத் தடவித்தான் தருவார். ஏற்கெனவே சூப்பர் குளூ ஊற்றிக் கல்லான ஷூ என்றால் அசிட்டோன் தேடிப் போகாதீர்கள். பசை கரைவதற்கு முன் ரெக்ஸினின் பாலிஷ் கரையலாம். மேட்டை உப்புத்தாளால் தேய்த்துச் சமமாக்கி, புது அட்டை வெட்டிப் போடச் சொல்லுங்கள். அளவுக்குப் பழைய அட்டையையும் கொடுத்துவிடுங்கள்.