பள்ளிப் பிள்ளைகளும் தடுப்பூசியும்

குன்னூரில் 1907-ம் வருஷம் வெறிநாய்க்கடிச் சிகிச்சைக்கெனத் திறக்கப்பட்ட பாஸ்டர் ஸ்தாபனம், பிற்காலத்தில் தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரணஜன்னி ஆகிய மூன்றையும் தடுக்கும் முத்தடுப்பு மருந்தையும் தயாரித்துத் தேசத்துச் சிசுக்களுக்கு அளித்தது. மருந்து இருந்தால் மாத்திரம் போதாது. உரிய வயதில் பிள்ளைக்குச் சேர்தல் வேண்டும்.

சிசுப்பருவத்தில் போட்ட ஊசியின் பலம் நாளடைவில் குறையும். ஆதலால் 5 முதல் 6 வயதுக்குள் முத்தடுப்பு ஊசி மறுபடியும், 10, 16 வயதுகளில் ரணஜன்னி, தொண்டை அடைப்பான் ஊசியும் போடப்படுகின்றன.

ஊசி போடாத பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கலாகாதென்று இந்தியா முழுமைக்கும் பொதுச் சட்டம் இல்லை; பொறுப்பு பெற்றோருடையது. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் தட்டம்மை, ரூபெல்லா ஊசி போடத் தொடங்கியபோது, பெற்றோர் சிலர் வதந்தியை நம்பி மறுத்தனர். வதந்தி விலக்குக்குக் காரணமாகாது. தக்க காரணங்கள் சிலவே:

1. முன் போட்ட ஊசியால் கடும் ஒவ்வாமை கண்ட பிள்ளைக்கு அதே ஊசி கூடாது.

2. நோயெதிர்ப்புச் சக்தி மிகக் குன்றிய பிள்ளைக்குத் தட்டம்மை ஊசி ஆகாது. இதனை வைத்தியரே தீர்மானித்தல் வேண்டும்.

3. கடும் ஜுரமானால் குணமாகும் வரை ஒத்திவைக்கலாம். சிறு ஜலதோஷம் தடையன்று.

ஒட்டுவாரொட்டி நோய்களில், விலக்குப் பெற்ற பிள்ளைக்குக் காவல், உடன் அமரும் பிள்ளைகள் போட்டுக்கொண்ட ஊசியே. ஒருவர் தவணை தவறினால் சுமை சங்கத்தார் அனைவர்மீதும் விழுவதை அங்கத்தினர் அறிவர், இதுவும் அத்தகையதே. ஆகவே ஒவ்வொருவரும் தம் பிள்ளையின் ஊசி அட்டையை எடுத்துப் பார்த்து, விடுபட்டதை ஆரம்ப சுகாதார நிலையத்தில் போடுவித்தல் கடமையாகும்.