வார்டுக்கு நடந்து போ

அன்புள்ள தம்பி,

ரெக்கார்ட் ரூமில் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது என்று எழுதியிருந்தாய். ஜன்னல் இல்லாத அறை, தூசி, ஓயாத தும்மல். ஆஸ்பத்திரி வேலை என்றால் நோயாளி முகத்தையாவது பார்க்கலாம் என்று நினைத்தாயாம். தும்மலுக்கு மாஸ்க் போட்டுக்கொள். முகம் பார்க்காததைப் பற்றி ஒரு கதை சொல்கிறேன்.

நான் வேலைக்குப் புதிது. ஒருநாள் இரவு பிரசவ வார்டிலிருந்து எம். லட்சுமியின் பழைய கேஸ் ஷீட் கேட்டு ஆள் வந்தது. தேடினேன், இல்லை. "புதுக் கேஸ்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஆனால் ஷீட் இருந்தது. கல்யாணத்துக்கு முன் அப்பா இனிஷியலில் எஸ். லட்சுமி என்று பதிந்திருந்தார்கள். முதல் பக்கத்திலேயே சிவப்பு மையில் 'பென்சிலின் ஒவ்வாது'. ஊசி போடப் போன நேரத்தில் பெண்ணின் அம்மா சொன்னதால் தப்பித்தோம். நம் ஊரில் பெண்களுக்கு இனிஷியல் நடுவழியில் மாறும். அப்பா பெயர், பிறந்த ஊர், முன்பு எங்கே எப்போது சேர்ந்தார் என்று கேட்காமல் 'இல்லை' என்று சொல்லாதே.

கோடிங்கிலும் இதே கதைதான். நோய்களுக்கு எண் தரும் ஐசிடி-10-இல் மூன்றாம் தொகுதியின் அகரவரிசையில் பார்த்ததும் எண்ணைப் போட்டுவிடுவார்கள் சிலர். முதல் தொகுதியைத் திறந்து சரிபார்த்த பிறகு போடு. பூச்சிமருந்து குடித்து வந்த கேஸை எடுத்துக்கொள். வேண்டுமென்று குடித்திருந்தால் எக்ஸ்68, தவறுதலாக என்றால் எக்ஸ்48. உறவினர் "தெரியாமக் குடிச்சுட்டான்" என்பார்கள், டாக்டர் ஒன்றும் எழுதியிருக்க மாட்டார். பரிதாபப்பட்டு நீ ஒரு எண்ணைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. மாடியேறிப் போய்க் கேள். அவருக்கும் தெளிவில்லை என்றால் அதற்கென்றே ஒய்18 இருக்கிறது.

இறப்புக்குக் காரணம் எழுதும் படிவம் 4 இன்னும் மோசம். விடியற்காலை இரண்டு மணிக்குப் பயிற்சி டாக்டர் 'கார்டியாக் அரெஸ்ட்' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். இதயம் நிற்காமல் யார் செத்தார்கள்? அதற்கு இட்டுச்சென்ற நோய்தான் கீழ் வரியில் வரவேண்டும். அது சர்க்கரையா, காசநோயா, பாம்புக்கடியா என்று தெரியாவிட்டால் மாவட்டத்தில் எதனால் எத்தனை பேர் போனார்கள் என்ற கணக்கே பொய்யாகிவிடும். படிவத்தை எடுத்துக்கொண்டு போ. "சார், அடி வரி காலியா இருக்கு" என்று மட்டும் சொல். முதல் இரண்டு தடவை எரிந்து விழுவார். மூன்றாவது தடவை தானே எழுதித் தருவார்.

சில்லறை விஷயங்கள்: ஒயிட்னரைத் தொடாதே. தப்பை ஒற்றைக் கோட்டால் அடித்து, எழுதியவரிடமே கையெழுத்தும் தேதியும் வாங்கு. மருத்துவர்களுக்கான 2002 விதிமுறைப்படி உள்நோயாளி ஆவணம் 3 ஆண்டு இருக்கவேண்டும், நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்கவேண்டும். போலீஸ் கேஸ் கட்டுகளை அந்த 3 ஆண்டுக் கணக்கில் சேர்த்து எடைக்குப் போட்டுவிடாதே. பக்கத்து வீட்டுக்காரர் வந்து இன்னாருக்கு என்ன வியாதி என்று கேட்டால், டீ வாங்கிக் கொடுத்து அனுப்பு.

ஜன்னல் என்றாயே, பின்பக்க அலமாரியை ஒருநாள் நகர்த்திப் பார். எங்கள் அறையில் பழைய கட்டுகளுக்குப் பின்னால் ஒன்று இருந்தது. நான்காம் வருஷம்தான் கண்டுபிடித்தேன்.

அன்புடன்,
உன் அண்ணன்