சிறு சரக்கு வண்டியில் டீசல் சிக்கனம்

கோலார் தங்கவயலின் சுரங்கங்கள் 2001இல் மூடப்பட்டபின், அவ்வூர் மக்களில் பலர் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூரை நம்பியே பிழைக்கின்றனர். அங்குச் சரக்கேற்றிச் செல்லும் சிறு வண்டிக்காரரின் வருவாயைத் தீர்மானிப்பது டீசல் செலவு.

லிட்டருக்கு 10 கிலோமீட்டர் ஓடும் வண்டி, போகவர 200 கிலோமீட்டருக்கு 20 லிட்டர் டீசல் கொள்ளும். அதுவே 12 கிலோமீட்டர் ஓடினால் 17 லிட்டர் போதும். ஒரு நடைக்கு 3 லிட்டர் மிச்சம்.

இதற்கு முதற்படி அளவிடுதல். தொட்டியை நிரப்பி, மீட்டர் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். மறுமுறை நிரப்புகையில், ஓடிய தூரத்தைப் பிடித்த லிட்டரால் வகுக்க வேண்டும். விடை வழக்கத்தினும் குறைந்தால் காரணம் தேட வேண்டும். புழுதி அடைத்த காற்று வடிகட்டி, காற்றுக் குறைந்த டயர், நழுவும் கிளட்ச் ஆகியவை பொதுவான காரணங்கள். ஒரு சக்கரம் மட்டும் மிகுதியாகச் சூடேறினால், அதன் பிரேக் விடுபடாமல் உராய்கிறது எனக் கொள்ளலாம்.

வேகமும் கவனிக்கத்தக்கது. வேகம் இருமடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும். மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகமே சிக்கனமானது என்பது பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிச் சங்கத்தின் நெடுநாளைய அறிவுரை.

இவற்றுள் பெரும்பாலானவற்றுக்குப் பெருஞ்செலவு தேவையில்லை. ஒரு குறிப்பேடும் ஒழுங்கான பராமரிப்புமே போதும். சேமிக்கும் ஒவ்வொரு லிட்டரும் குடும்பத்தின் வருவாயைக் கூட்டும். நாட்டின் எண்ணெய் இறக்குமதிச் சுமையையும் குறைக்கும்.