தொங்கும் தொடர்

ஆங்கிலத்தில் எழுதப் புகும் நம் மாணவர் பலரும் இடறும் இடம் ஒன்றுண்டு. வாக்கியத்தின் தொடக்கத்தில் நின்று ஒருவரையோ ஒன்றையோ விளக்கும் எச்சத்தொடரே அது. 'கதவைத் திறக்கப் பூனை ஓடிற்று' என்னும் கருத்தை அவர்கள், 'ஓபனிங் தி டோர், தி கேட் ரான் அவே' என்று எழுதிவிடுகின்றனர். இவ்வாங்கில வாக்கியத்தின்படி கதவைத் திறந்தது பூனையே ஆகும்!

இப்பிழை எங்ஙனம் நேர்கிறது? 'செய்து' என்னும் வாய்பாட்டு வினையெச்சம் தன் வினைமுதலின் வினையையே கொண்டு முடியும் என்பது தொல்காப்பியம் வகுத்த பொதுநெறி. 'திறந்து ஓடினான்' எனின், திறந்தவனும் ஓடியவனும் ஒருவனே. 'செய' என்னும் எச்சமோ பிறிதொன்றன் வினையையும் ஏற்கும். ஆதலின், 'திறக்கப் பூனை ஓடிற்று' என்பதில் நமக்கு மயக்கமில்லை. ஆங்கிலத்தில் முதற்கண் நிற்கும் 'இங்' ஈற்றுத் தொடர் நம் 'செய்து' எச்சத்தை ஒத்தது. அவ்வினையைச் செய்தவரே வாக்கியத்தின் எழுவாயாதல் வேண்டும். வில்லியம் ஸ்ட்ரங்க் 1918-இல் வெளியிட்ட 'தி எலிமென்ட்ஸ் ஆஃப் ஸ்டைல்' என்னும் சிறுநூல் இதனைத் தனி விதியாகவே கூறுகிறது. எழுவாயோடு ஒட்டாது நிற்பதனை 'டேங்ளிங்', அதாவது தொங்கும் தொடர் என்பர்.

இது நகைத்துவிட்டுக் கடந்துபோகும் பிழையன்று. விபத்தொன்றைக் கண்டவர், 'கிராஸிங் தி ரோட், தி லாரி ஹிட் தி பாய்' என்று வாக்குமூலம் எழுதித் தந்தால், சாலையைக் கடந்தது லாரி என்றே இலக்கணம் காட்டும். 'தி லாரி ஹிட் தி பாய் ஹூ வாஸ் கிராஸிங் தி ரோட்' எனின் ஐயத்திற்கு இடமில்லை. வேலை வேண்டுவோர், 'ஹேவிங் பாஸ்ட் எம்.ஏ., திஸ் போஸ்ட் வில் சூட் மீ' என்று எழுதினால், எம்.ஏ. தேறியது பதவியாகிவிடும்!

திருத்தும் வழிகள் இரண்டு. ஒன்று, செய்தவரையே எழுவாயாக்குதல்: 'ஓபனிங் தி டோர், ஐ சா தி கேட் ரன் அவே'. மற்றொன்று, எச்சத்தை விரித்துத் தனக்கென எழுவாய் உடையதாக்குதல்: 'வென் ஐ ஓபன்ட் தி டோர், தி கேட் ரான் அவே'. நம் 'செய' எச்சத்திற்கு ஏற்ற வடிவம் பின்னதே. 'கன்சிடரிங்', 'ஜெனரலி ஸ்பீக்கிங்' போன்றவை வழக்கால் நிலைபெற்றவை. அவை இவ்விதிக்கு விலக்காகும்.

எழுதி முடித்தபின், 'இவ்வினையைச் செய்தவர் யார்?' என்று எச்சத்தொடரை வினவுவோம். காற்புள்ளியை அடுத்து வரும் எழுவாயே விடையாக அமையின், தொடர் செம்மையுற்றது என்று துணியலாம்.