மலைநாட்டில் பலாப்பிஞ்சுக் கறி சமைக்கும் முறை

மலைநாட்டுக் கமக்காரர் நெல்லும் மரக்கறியும் விளைவித்துப் பிறர்க்கு உணவளிப்பவர். எனினும், நெல் அறுவடைக்கு முந்திய மாதங்களிலும், மரக்கறி விலை வீழ்ந்து கைப்பணம் குறையுங் காலத்திலும் அவர் வீட்டு அடுப்பிலேயே கறிக்குத் தட்டுப்பாடு நேர்வதுண்டு. அவ்வேளையில் உதவும் பண்டங்களுள் சிங்களத்திற் பொலொஸ் எனப்படும் பலாப்பிஞ்சும் ஒன்றாகும். ஆயினும், பலர் இதனை ஒருமுறை சமைத்துப் பார்த்து, "வேகவில்லை, துவர்க்கிறது" என்று கைவிட்டுவிடுகின்றனர். குறை காயில் இல்லை. சமைக்கும் முறையிலேயே உள்ளது.

சோற்று மரம்

சிங்களக் கிராமத்தார் பலாவைச் 'சோற்று மரம்' என்று பொருள்படும் பெயரால் அழைப்பர். பாணந்துறையைச் சேர்ந்த ஆர்தர் வி. டயஸ் என்பார் 20 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், நாட்டின் உணவுப் பஞ்சத்தைப் போக்கக் கருதிப் பலா வித்துக்களை எங்கும் நடச்செய்தார். அதனால் மக்கள் அவரைக் 'கொஸ் மாமா', அஃதாவது 'பலா மாமா', என்று அன்புடன் அழைத்தனர். 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிலும் பல வீடுகளில் ஒருவேளை உணவு பலாவாகவே இருந்தது.

பிஞ்சைத் தெரிந்தெடுத்தல்

நுவரெலியாவின் குளிர் பலாவுக்கு ஏற்றதன்று. கொத்மலை, கினிகத்தேனை போன்ற தாழ்ந்த, வெப்பமான இடங்களில் அது நன்கு காய்க்கும். பலாவில் ஆண் பூக்கதிரும் பெண் பூக்கதிரும் ஒரே மரத்தில் தோன்றும். ஆண் கதிர் சிறுத்து, மெல்லிய காம்புடன் இருந்து, கறுத்து உதிர்ந்துவிடும். அதனைக் கறிக்குரிய பிஞ்சென்று மயங்கலாகாது. தடித்த காம்புடன் பருத்துவரும் பெண் பிஞ்சே கறிக்கு உரியது. குறுக்கே வெட்டினால், வித்து இன்னும் கடினமடையாமல் கத்திக்கு இலகுவாக இடங்கொடுக்க வேண்டும். ஒரே இடத்தில் நெருங்கிக் காய்த்த பிஞ்சுகளுட் சிலவற்றை முதலிற் பறித்தால் எஞ்சியவை நன்கு பருக்கும்.

மலையில் வேகத் தாமதிப்பதேன்?

கடல்மட்டத்தில் நீர் 100 பாகை செல்சியசில் கொதிக்கும். ஏறக்குறைய 1,270 மீற்றர் உயரமுள்ள ஹட்டனில் 96 பாகையளவிலும், 1,868 மீற்றர் உயரமுள்ள நுவரெலியாவில் 94 பாகையளவிலும் அது கொதித்துவிடும். எவ்வளவு விறகை எரித்தாலும் திறந்த சட்டியிலுள்ள நீர் அதற்குமேற் சூடேறாது. ஆகவே இங்கே காய் வேகக் கூடிய நேரம் வேண்டும். மேலும், புளிப்புப் பொருள் காய் மென்மையாவதைத் தடுக்கும். கொறுக்காய்ப் புளியை முதலிலேயே இட்டுவிட்டால் விறகும் நேரமும் வீணாகும். முதலில் வேகவைத்தல், பின்னர்ப் புளி சேர்த்தல் என்பதே மலைநாட்டாருக்கு உகந்த முறை.

வேண்டிய பொருள்கள்

தோலும் நடுத்தண்டும் நீக்கிய பிஞ்சு 500 கிராம், சின்ன வெங்காயம் 100 கிராம், பூண்டு 8 பல், இஞ்சி ஒரு சிறு துண்டு, பச்சை மிளகாய் 3, தேங்காய் 1, கொறுக்காய்ப் புளி 2 துண்டு (இல்லையேல் நெல்லிக்காயளவு பழப்புளி), மஞ்சள் தூள் அரைத் தேக்கரண்டி, கறுவாப்பட்டை, கறிவேப்பிலை, இரம்பை இலை, எண்ணெய், உப்பு வேண்டியவளவு.

தூளுக்கு: செத்தல் மிளகாய் 6, மல்லி 2 மேசைக்கரண்டி, நற்சீரகம் 1 தேக்கரண்டி, பெருஞ்சீரகம், மிளகு ஒவ்வொன்றும் அரைத் தேக்கரண்டி. இவற்றை மணம் வரும்வரை கருகாமல் வறுத்து இடித்துக்கொள்க.

செய்முறை

1. கையிலும் கத்தியிலும் தேங்காயெண்ணெய் பூசிக்கொள்க. பலாவின் பால் அப்போது ஒட்டாது.

2. முள்தோலைத் தடிப்பாகச் சீவி, 3 சதமமீற்றர் அளவான துண்டுகளாக வெட்டி, உடனே உப்பும் மஞ்சளும் கலந்த நீரில் இடுக. வெளியே வைத்தால் காய் கறுக்கும்.

3. அந்நீரை வடித்துவிட்டு, துண்டுகள் மூழ்கப் புதுநீர் ஊற்றி, சிறிது உப்பிட்டு, மூடியிட்டு ஏறக்குறைய 40 நிமிடம் அவிக்க. ஈர்க்கு தடையின்றி நுழைந்தால் காய் வெந்ததென்று அறிக. அமுக்கச் சட்டி உள்ளோர் அதனைப் பயன்படுத்தினால் விறகு மிகவும் மிஞ்சும். பின்னர் நீரை வடித்துவிடுக. துவர்ப்பு அதனுடன் பெரும்பாலும் நீங்கும்.

4. மட்சட்டியில் எண்ணெய் காய்ந்ததும் கறுவா, கறிவேப்பிலை, இரம்பை, வெங்காயம், பூண்டு, இஞ்சி, பச்சை மிளகாய் என்பவற்றை வதக்கி, தூளையும் காயையும் இட்டுப் பிரட்டுக.

5. இரண்டாம் பாலையும், அரைத்த கொறுக்காய்ப் புளியையும் சேர்த்து, இளந்தீயில் 20 நிமிடம் வற்றவிடுக.

6. இறுதியில் முதற்பாலை ஊற்றி, ஒரு கொதி வந்ததும் இறக்குக. முதற்பாலை நெடுநேரம் கொதிக்கவிடின் அது திரைந்துபோகும்.

உணவுப் பயன்

பலாப்பிஞ்சுக் கறி மெல்லும்போது இறைச்சியை ஒக்கும், சத்தில் அவ்வாறன்று. 100 கிராம் பிஞ்சிற் புரதம் 2 முதல் 3 கிராம் வரையே உண்டு. காய்ந்த மைசூர்ப் பருப்பில் அது ஏறக்குறைய 24 கிராம். ஆகவே சிறுவர்க்கும் கருவுற்ற தாய்மார்க்கும் இக்கறியைச் சோற்றுடன் மட்டும் கொடாது, பருப்பு, முட்டை, நெத்தலிக் கருவாடு என்பவற்றுள் ஒன்றையும் சேர்த்துக் கொடுத்தல் வேண்டும்.

மரத்தைப் பேணுக

பலாமரத்தின் பலகைக்கு நல்ல விலையுண்டு. வறுமை வந்தபோது மரத்தை விற்க எண்ணுவது இயல்பே. ஆனால் பலகை ஒருமுறை மட்டுமே பணந்தரும். மரமோ ஆண்டுதோறும் உணவுதரும். இதனைக் கருதியே 1951 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகியவற்றை அனுமதியின்றி வீழ்த்துவதைத் தடைசெய்தது. தாழ்ந்த பகுதிகளில் நிலமுள்ள கமக்காரர் வயலோரத்து மேட்டில் ஒரு பலாக்கன்றேனும் நட்டு வளர்ப்பாராக. மேட்டுத் தோட்டங்களில் வாழ்வோர் சந்தையிற் பிஞ்சைக் கண்டால் தயங்காது வாங்கி, மேற்கூறியவாறு சமைத்துப் பயனடைவாராக.