துப்பறியும் தம்பதியர்

துப்பறியும் கதை என்றவுடன் நினைவுக்கு வருபவர் பெரும்பாலும் ஒரு தனிமனிதர். ஷெர்லாக் ஹோம்ஸுக்கு வாட்சன் என்னும் துணைவர் உண்டு. எனினும் உடன் செல்வதும், வியந்து நிற்பதும், நிகழ்ந்ததை எழுதி வைப்பதுமே வாட்சனின் தொழில். குற்றத்தை ஆராயும் அறிவாளிக்கு மனைவியும் இல்லறமும் பொருந்தா என்பது எழுதாச் சட்டம் போல நெடுநாள் இருந்து வந்தது. இங்கிலாந்தில் அகதா கிறிஸ்டி அம்மையார் 1922-இல் டாமி, டப்பென்ஸ் என்னும் இளைஞர் இருவரைப் படைத்துப் பின்னர் அவர்களைத் தம்பதியராகவும் ஆக்கினார். ஆயினும் துப்பறியும் கணவன் மனைவி என்றால் உலகம் முதலில் நினைப்பது அமெரிக்கத் திரைப்படத்தில் தோன்றிய நிக் சார்லஸையும் நோரா சார்லஸையுமே.

இவ்விருவரைப் படைத்தவர் டாஷியல் ஹாமெட். இளமையில் பிங்கர்ட்டன் என்னும் துப்பறியும் நிறுவனத்தில் பணிபுரிந்தவர் அவர். குற்றவாளிகளை ஏட்டில் மட்டும் கண்டவர் அல்லர். 1930-இல் வெளிவந்த அவருடைய புதினத்தின் தலைவன் சாம் ஸ்பேட் எவரையும் நம்பாதவன். தான் விரும்பிய பெண்ணையே காவலரிடம் ஒப்படைப்பவன். அத்தகைய இருண்ட உள்ளத்தை வரைந்த அதே எழுதுகோல், 1934-இல் ‘மெலிந்த மனிதன்’ என்னும் புதினத்தில் ஒருவரையொருவர் கேலி செய்து மகிழும் தம்பதியரை வரைந்தது. அந்நூலை அவர் தம் தோழியாகிய நாடக ஆசிரியை லிலியன் ஹெல்மனுக்குக் காணிக்கையாக்கினார். நோராவின் கூரிய சொல்லில் ஹெல்மனின் சாயல் உண்டு என்பர்.

நூல் வந்த ஆண்டிலேயே அது திரைப்படமாயிற்று. இயக்கியவர் வான் டைக். நிக்காக வில்லியம் பவலும் நோராவாக மிர்னா லாயும் நடித்தனர். லாய் அதுவரை பெரும்பாலும் வஞ்சகப் பெண்களாகவும் கீழை நாட்டு அழகியராகவும் நடித்து வந்தவர். ஆதலால் அவரை நோராவாக ஏற்கப் படநிறுவனத்தின் தலைவர் தயங்கினார். இயக்குநரோ விடவில்லை. மூன்று வாரங்களுக்குள் லாயை வேறொரு படத்திற்கு விடுவிக்க வேண்டும் என்னும் நிபந்தனையோடு இசைவு கிடைத்தது. வான் டைக் விரைவுக்குப் பெயர் பெற்றவர். ஒரு காட்சியைப் பெரும்பாலும் ஒரே முறை எடுத்து முடிப்பவர். அவ்விரைவே நடிப்பிற்கு இயல்பான ஓட்டத்தைத் தந்தது.

திரைக்கதை எழுதிய ஆல்பர்ட் ஹாக்கெட்டும் பிரான்சிஸ் குட்ரிச்சும் கணவன் மனைவியர். கொலைக் கதையைப் பற்றிப் பெரிதும் கவலைப்படாமல் அத்தம்பதியர்க்குரிய காட்சிகளை நன்கு எழுதித் தருமாறு இயக்குநர் அவர்களைக் கேட்டுக்கொண்டார். நாள்தோறும் தம் எழுத்தைத் தம்முள் விவாதித்துத் திருத்திப் பழகிய இருவருக்கு இதைவிட ஏற்ற பணி வேறில்லை. படம் பார்த்தவர்களில் பலர் கொலைகாரன் யார் என்பதை மறந்துவிடுவர். நிக்கும் நோராவும் பேசியதை மறப்பதில்லை.

நிக் துப்பறியும் தொழிலை விட்டு ஓய்வு பெற்றவன். நோரா செல்வக் குடும்பத்துப் பெண். கிறிஸ்துமஸ் விழாவிற்காக நியூயார்க் வந்த இடத்தில் காணாமற் போன ஒருவரைப் பற்றிய வழக்கு அவர்களைத் தேடி வருகிறது. நிக்கிற்கு அதில் நாட்டமில்லை. நோராவின் ஆர்வமே அவனை வழக்கினுள் தள்ளுகிறது. வியந்து நிற்கும் வாட்சனுக்கும் இவளுக்கும் உள்ள வேறுபாடு இங்கே புலப்படும். ஒருமுறை அவளை விட்டுத் தனியே செல்ல விரும்பிய நிக், அவளை வாடகைக் காரில் ஏற்றி, முன்னாள் குடியரசுத் தலைவர் கிராண்டின் கல்லறைக்கு அனுப்பிவிடுகிறான். பின்னர், கல்லறை எப்படி என்று குறும்பாகக் கேட்கிறான். மிக அழகாயிருந்ததாகவும், அவனுக்கும் அதைப் போல ஒன்று செய்யச் சொல்லியிருப்பதாகவும் அவள் அமைதியாக விடையளிக்கிறாள். கோபமும் இல்லை, அழுகையும் இல்லை, கணக்கு நேராகிவிட்டது.

மற்றொரு காட்சி. துப்பாக்கி ஏந்திய முரடன் ஒருவன் அவர்களுடைய படுக்கையறைக்குள் நுழைகிறான். தோட்டா படாதிருக்க நிக் நோராவைக் குத்தி வீழ்த்திவிட்டு முரடனைத் தாக்குகிறான். மனைவியைக் காக்கும் வழி இதுதானா என்று இன்று கேட்பவர் உண்டு, கேட்பது முறையே. ஆனால் மயக்கம் தெளிந்த நோராவின் குறை வேறு. கணவன் வெல்வான் என்பது அவளுக்குத் தெரியுமாம். வெல்வதைக் காண முடியாமற் போயிற்றே என்பதுதான் அவள் வருத்தம்.

துப்பறியும் கதை ஐயத்தால் இயங்குவது. மகள், வழக்கறிஞர், பணியாளர் என ஒவ்வொருவரும் ஐயத்திற்கு உரியவரே. படத்தின் முடிவில் அனைவரும் ஒரே விருந்து மேசையைச் சுற்றி அமர்த்தப்படுகின்றனர். பரிமாறுவோர் கூட மாறுவேடம் பூண்ட காவலர்கள். அவ்வளவு ஐயத்தின் நடுவே ஐயமற்ற ஓர் உறவு மட்டும் இருக்கிறது. நிக்கும் நோராவும் எவ்வளவு கேலி பேசினாலும் ஒருவர் மீது ஒருவர் கொண்ட நம்பிக்கை அசைவதில்லை. அந்நாளைய காதற்படங்கள் பலவும் திருமணத்தோடு முடிந்தன. இப்படமோ திருமணத்திற்குப் பின்னுள்ள வாழ்வில் தொடங்கியது.

குறையும் உண்டு. தம்பதியர் ஓயாது மது அருந்துவதை இப்படம் வேடிக்கையாகவே காட்டுகிறது. அமெரிக்காவில் மதுவிலக்கு 1933-இன் இறுதியில்தான் நீங்கியிருந்தது என்பது அதற்குக் காரணமாகலாம், நியாயமாகாது. நாட்டில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் வேலையிழந்து வாடிய காலம் அது. அவர்களுக்குக் கவலையற்ற இத்தம்பதியர் சிறிது நேர ஆறுதலாயினர்.

1947-க்குள் இவ்வரிசையில் ஆறு படங்கள் வெளிவந்தன. 1936-இல் வந்த இரண்டாம் படத்தின் இறுதிக் காட்சி இனிமையானது. புகைவண்டியில் நோரா சிறு காலுறை ஒன்றைப் பின்னிக் கொண்டிருக்கிறாள். கொலைகாரனின் சிறு சொற்பிழையையும் விடாது பற்றும் நிக், குழந்தை வரப்போவதை உடனே உணரவில்லை; துப்பறிவாளனாம் என்று நோரா நகைக்கிறாள்.

பவலும் லாயும் பதினான்கு படங்களில் சேர்ந்து நடித்தனர்; வாழ்வில் மணந்தவர் அல்லர். இரண்டாம் படத்தின் படப்பிடிப்பிற்காகச் சான் பிரான்சிஸ்கோ சென்றபோது, விடுதியார் அவர்களை உண்மைத் தம்பதியர் என்றே கருதி, இருவருக்கும் சேர்த்து ஒரே தங்குமிடத்தை ஒதுக்கி வைத்திருந்தனராம்.