மூன்றாவது பிரதி யார் வீட்டில் இருக்கிறது?

அறந்தாங்கிப் பக்கம் அய்யனாருக்கு மண்குதிரை செய்யும் வேளார் வீட்டிலும் இன்று ஒரு லேப்டாப் இருக்கிறது. ஆரி ஒர்க் போடும் பெண்ணின் போனில் ஆயிரக்கணக்கில் டிசைன் படங்கள். பனையோலைக் கூடை பின்னும் மகளிர் குழுவுக்கு ஆர்டர், வரவு செலவு, வங்கிக் கடன் காகிதம் எல்லாமே கம்ப்யூட்டரில்தான். புதுக்கோட்டை கீழராஜவீதிப் பக்கம் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பதும் பில் போட்டுக் கொடுப்பதுமாகவே என் காலம் போயிற்று. புதிதாகத் தொழில் தொடங்கும் தம்பிகளும் தங்கைகளும் என்னிடம் வந்து எந்த லேப்டாப் வாங்கலாம் என்று கேட்கிறார்கள். எதை வாங்கினாலும் ஒருநாள் அது நின்றுபோகும். அந்த நாளுக்கு முன்னால் செய்து வைக்க வேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

1. கடையில் திரும்ப வாங்க முடியாதது எது என்று முதலில் பாருங்கள். விண்டோஸைத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம், கோரல்டிராவைத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். போன புரவியெடுப்புத் திருவிழாவில் ஒரு ஊருக்குச் செய்து கொடுத்த குதிரையின் படத்தைத் திரும்ப எடுக்க முடியாது. அந்தக் குதிரை கோயில் திடலில் மழையிலும் வெயிலிலும் நிற்கிறது, காது உடைந்திருக்கும், கழுத்து மணி உதிர்ந்திருக்கும். அடுத்த முறை ஊரார் பிடிமண் கொடுத்து வேலையை ஒப்படைக்க வரும்போது, “போன தடவை மாதிரியே முகப்படாம் வேணும்” என்பார்கள். அப்போது கையில் இருக்க வேண்டியது அந்தப் படமும், உயரம், கூலி, முன்பணம் எழுதிய குறிப்பும்தான். அதனால் ‘தொழில்’ என்று ஒரே ஒரு போல்டர் போடுங்கள். அதற்குள் ஊர்ப் பெயரும் வருடமும் போட்டு உள் போல்டர்கள். டெஸ்க்டாப்பில் பாதி, டவுன்லோட்ஸில் பாதி, போன் கேலரியில் பாதி என்று சிதறிக் கிடப்பதை யாராலும் முழுசாகப் பிரதி எடுக்க முடியாது.

2. மூன்று பிரதி வேண்டும். 3-2-1 என்று இதைச் சொல்வார்கள். பீட்டர் குரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் பரப்பிய கணக்கு. மொத்தம் 3 பிரதி, 2 வகையான சாதனத்தில், அதில் 1 வேறு இடத்தில். லேப்டாப்பில் இருப்பது ஒன்று, எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்கில் ஒன்று, மூன்றாவது வெளியே.

இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. “சி டிரைவில் இருந்ததை டி டிரைவிலும் போட்டு வைத்திருக்கிறேன் அண்ணே” என்பார்கள். பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் சி, டி இரண்டும் ஒரே டிஸ்கைப் பிரித்த இரண்டு பாகங்கள். டிஸ்க் போனால் இரண்டும் சேர்ந்தே போகும். பென் டிரைவை நம்பியும் வருடக்கணக்கில் வைக்காதீர்கள். அது எடுத்துப் போய்க் கொடுப்பதற்கான பொருள். மலிவு விலையில் 1 டிபி என்று போட்டு விற்கும் பென் டிரைவ்களில் போலி நிறைய. காப்பி ஆனது போலவே காட்டும், பிறகு பல பைல்கள் திறக்காது.

3. மூன்றாவது பிரதி மாவட்டத்துக்கு வெளியே இருக்கட்டும். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் கஜா. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை ஏறிய அந்தப் புயல், கடற்கரையோடு நிற்காமல் நம் மாவட்டத்துக்குள்ளும் புகுந்து போனது. கீரமங்கலம், ஆலங்குடி, கறம்பக்குடிப் பக்கம் தென்னை சாய்ந்ததை எல்லோரும் பேசினார்கள். ஓட்டு வீடுகளில் ஓடு பறந்து, மேசைமேல் இருந்த கம்ப்யூட்டரில் மழை இறங்கியதைப் பற்றிப் பேச அன்று யாருக்கும் நேரமில்லை. கம்ப்யூட்டர் ஒரு அறையில், பேக்கப் டிஸ்க் அடுத்த அறை அலமாரியில். இரண்டும் ஒரே கூரையின் கீழ் நனைந்தன. பக்கத்து ஊர்ச் சொந்தக்காரர் வீட்டில் வைத்தவருக்கும் அதே கதி, ஏனென்றால் பக்கத்து ஊர்க் கூரையும் பறந்திருந்தது.

அதோடு, பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை, போன் டவரும் இல்லை. கூகுள் டிரைவில் இருந்ததும் அப்போதைக்கு எட்டவில்லை. ஆகவே இணையத்தில் ஒன்று இருந்தாலும் கையில் பிடிக்கிற டிஸ்க் ஒன்றும் வெளியூரில் இருக்கட்டும். மதுரையிலோ கோயம்புத்தூரிலோ கட்டிக்கொடுத்த அக்கா வீடு, சென்னையில் வேலை பார்க்கும் தம்பி அறை, எதுவானாலும் சரி. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அவர்கள் ஊருக்கு வரும்போது பழைய டிஸ்கை வாங்கிக்கொண்டு புதிய பிரதி உள்ள டிஸ்கைக் கொடுத்தனுப்புங்கள்.

4. கூகுள் டிரைவில் ‘சிங்க்’ ஆகும் போல்டரை மட்டும் பேக்கப் என்று எண்ண வேண்டாம். லேப்டாப்பில் அழித்தால் அங்கேயும் அழியும். குப்பைத்தொட்டியில் 30 நாள் இருக்கும், அதன்பின் கிடையாது. இலவச இடம் 15 ஜிபி. மெயில், போட்டோ, டிரைவ் மூன்றுக்கும் சேர்த்து அவ்வளவுதான். நிரம்பிவிட்டால் வாடிக்கையாளர் அனுப்பும் மெயிலும் வந்து சேராது.

5. பேக்கப் முடிந்ததும் எக்ஸ்டர்னல் டிஸ்கைக் கழற்றி வையுங்கள். 2017 மே மாதம் வான்னாக்ரை உலகம் முழுக்கப் பரவியபோது, பைல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வைரஸ் என்றால் என்னவென்று எல்லோருக்கும் தெரிந்தது. அந்த வகை வைரஸ், செருகியிருக்கும் டிஸ்கையும் சேர்த்துப் பூட்டிவிடும். இடி மின்னலும் அப்படியே, செருகியிருப்பதைத்தான் சேர்த்து எரிக்கும். சனிக்கிழமை கூலி கொடுத்து முடித்த கையோடு டிஸ்கைச் செருகி, காப்பி எடுத்து, கழற்றிப் பெட்டியில் வைப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

6. வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தைப் பிரதி என்று கணக்கில் சேர்க்காதீர்கள். சாதாரணமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும். போனில் பார்க்க நன்றாக இருக்கும், பேனர் அடிக்கவோ கேட்லாக் போடவோ கொடுத்தால் புள்ளி புள்ளியாய்த் தெரியும். மூலப்படம் வேண்டுமானால் ‘டாக்குமென்ட்’ என்று இணைத்து அனுப்பச் சொல்லுங்கள். அதைவிட, மாதம் ஒருமுறை போனைக் கேபிளில் இணைத்துப் படங்களை இறக்கிவிடுவது மேல்.

7. எழுத்துருவையும் சேர்த்துக் காப்பாற்றுங்கள். இது தமிழில் தொழில் செய்யும் நமக்கு உள்ள பாடு. வெளியூர்க்காரர்கள் எழுதும் பேக்கப் பாடங்களில் இதை அதிகம் பார்க்க முடியாது. லெட்டர்பேடு, லேபிள், பத்திரிகை, நோட்டீஸ் என்று நம் ஊரில் அடித்தவற்றில் பெரும்பகுதி பாமினி, வானவில், ஸ்ரீலிபி போன்ற பழைய எழுத்துருக்களில் இருக்கிறது. பைல் பத்திரமாக இருக்கும், டிஸ்க் நன்றாக இருக்கும். புதுக் கம்ப்யூட்டரில் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியுமாகக் கொட்டும். அந்த எழுத்துரு அதில் இல்லை, அவ்வளவுதான். பைல் கெட்டுவிட்டது என்று நினைத்துப் பலர் அழித்தே விடுகிறார்கள். அழிக்காதீர்கள்.

நீங்கள் பயன்படுத்தும் எழுத்துரு பைல்களை ‘தொழில்’ போல்டருக்குள்ளேயே ஒரு இடத்தில் போட்டு வையுங்கள். முடிந்த வேலை ஒவ்வொன்றையும் பிடிஎஃப் ஆகவும் சேமியுங்கள். அதற்குள் எழுத்துருவும் சேர்ந்தே போகும். தமிழக அரசே 2010இல் யூனிகோடைத் தரமாக ஏற்றுக்கொண்டது. இனி எழுதும் கடிதம், விலைப்பட்டியல் எல்லாவற்றையும் யூனிகோடில் எழுதுங்கள். பழையதை மாற்ற என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற கருவிகள் உண்டு. மாற்றியபின் ஒருமுறை உட்கார்ந்து படித்துப் பிழை திருத்த வேண்டும்.

கோரல்டிராவில் இன்னொன்று: புதிய பதிப்பில் சேமித்த பைலைப் பழைய பதிப்பு திறக்காது. அச்சகத்தில் எந்தப் பதிப்பு என்று கேட்டு, அதற்கேற்பவும் ஒரு பிரதி வையுங்கள்.

8. ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்களுக்குப் பேக்கப் வைப்பது சட்டமும்கூட. ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கெடு நாளிலிருந்து 72 மாதம் கணக்குகளை வைத்திருக்க வேண்டும் என்கிறது சட்டத்தின் 36ஆவது பிரிவு. கணக்கைக் கம்ப்யூட்டரில் வைத்திருப்பவர்கள், விபத்திலோ இயற்கைச் சீற்றத்திலோ அது அழிந்தாலும் நியாயமான காலத்துக்குள் மீட்கக்கூடிய விதத்தில் பேக்கப் வைத்திருக்க வேண்டும் என்கிறது 57ஆவது விதி. ஆடிட்டரிடம் இருக்கும் என்று விட்டுவிடாதீர்கள். டேலி கணக்கு மென்பொருளில் வால்ட் பாஸ்வேர்டு போட்டிருந்தால் அதை எழுதி வையுங்கள், மறந்தால் மீட்க வழியில்லை.

9. எடுத்த பேக்கப்பைத் திறந்து பாருங்கள். நான் சொல்பவற்றில் ஒன்றை மட்டும் செய்வதாக இருந்தால் இதைச் செய்யுங்கள். 1998இல் பிக்ஸார் நிறுவனத்தில் ‘டாய் ஸ்டோரி 2’ படம் தயாராகிக்கொண்டிருந்தபோது, தவறாகக் கொடுத்த ஒரு கட்டளையால் படத்தின் பெரும்பகுதி அழிந்தது. பேக்கப் இருக்கிறதே என்று போனால், அது சில வாரங்களாகவே சரியாக எடுக்கப்படாமல் இருந்திருக்கிறது. யாரும் அதுவரை பார்க்கவில்லை. கேலின் சஸ்மன் என்ற பெண் கைக்குழந்தை இருந்ததால் வீட்டிலிருந்து வேலை பார்த்துவந்தார். அவர் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு பிரதி இருந்தது. அந்தக் கம்ப்யூட்டரைப் போர்வையில் சுற்றிக் காரில் வைத்து அலுவலகத்துக்குக் கொண்டுவந்தார்கள். படம் பிழைத்தது. அத்தனை பெரிய நிறுவனத்துக்கே கைகொடுத்தது வேறு இடத்தில் இருந்த, திறக்கக்கூடிய ஒரு பிரதிதான்.

மாதம் ஒருமுறை பேக்கப் டிஸ்கை வேறொருவர் கம்ப்யூட்டரில் செருகுங்கள். பழைய படம் ஒன்று, நேற்றைய பில் ஒன்று, டிசைன் ஒன்று என்று திறந்து பாருங்கள். பைல் பெயர் தெரிந்தால் போதாது, உள்ளே இருப்பது திரையில் வர வேண்டும். டேலி பேக்கப்பைச் சோதிக்கும்போது தனியாக ஒரு காலி போல்டருக்குள் ரீஸ்டோர் செய்யுங்கள். நடப்புக் கணக்கு இருக்கும் போல்டரிலேயே செய்தால் பழைய கணக்கு புதியதன் மேல் ஏறிவிடும்.

10. பைல் அழிந்துவிட்டது என்று தெரிந்த நொடியில் கையை எடுத்துவிடுங்கள். பழைய வகை ஹார்ட் டிஸ்கிலும் மெமரி கார்டிலும் அழித்த பைல் உடனே மறைவதில்லை. அந்த இடம் காலி என்ற குறிப்பு மட்டுமே விழும், புதிதாக ஒன்று வந்து உட்காரும்வரை பழையது அங்கேயே இருக்கும். பதற்றத்தில் நாம் செய்யும் ஒவ்வொன்றும், மீட்கும் மென்பொருளை அதே டிஸ்கில் இறக்குவது உட்பட, அந்த இடத்தின் மேல் எழுதுகிறது. கார்டைக் கழற்றுங்கள், லேப்டாப்பை அணையுங்கள். டிஸ்கை வேறு கம்ப்யூட்டரில் இணைத்து, ரெக்குவா, போட்டோரெக் போன்றவற்றை அங்கிருந்து ஓட்டி, கிடைப்பதை வேறு டிஸ்கில் சேமிக்க வேண்டும். போட்டோரெக் இலவசம், நம்பலாம். ஆனால் பைல்களின் பழைய பெயர் வராது. குவியலிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துப் பிரிக்க வேண்டியிருக்கும். புது லேப்டாப்களில் உள்ள எஸ்எஸ்டியில் இந்த வாய்ப்பு மிகக் குறைவு. அழித்த இடத்தை அதுவே சீக்கிரம் துடைத்துவிடும்.

டிஸ்கிலிருந்து ‘டக் டக்’ என்று சத்தம் வந்தால் இன்னொரு முறை போட்டுப் பார்க்கலாம் என்று ஆசைப்படாதீர்கள். ஒவ்வொரு முறையும் உள்ளே தட்டில் கீறல் விழலாம். நனைந்த டிஸ்குக்குக் கரண்ட் கொடுக்காதீர்கள், வெயிலில் காய வைக்காதீர்கள், அரிசிக்குள் புதைக்காதீர்கள், ஸ்குருவைக் கழற்றித் திறக்கவே கூடாது. அதைத் தூசியில்லாத அறை வைத்திருக்கும் மீட்பு நிலையத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். செலவு ஆயிரக்கணக்கில் ஆகும், கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை. அந்தச் செலவில் பாதிக்கும் குறைவாக ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்கிவிடலாம்.

11. வீட்டில் இன்னொருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மனைவியோ, தம்பியோ, குழுவின் செயலாளரோ. ஜிமெயில் பாஸ்வேர்டு, டிஸ்க் இருக்கும் இடம், வெளியூரில் டிஸ்க் வைத்திருப்பவர் பெயர், ஓடிபி வரும் போன் நம்பர் இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதிக் கடன் பத்திரம் வைக்கும் இடத்தில் வையுங்கள். ரீசார்ஜ் செய்யாமல் விட்ட நம்பர் கைமாறிப் போனால் அந்த ஓடிபி வேறு யாருக்கோ போகும். நம்பர் மாற்றினால் முதலில் ஜிமெயிலில் மாற்றிவிட்டு அப்புறம் பழைய சிம்மை விடுங்கள். எழுதிய தாளை வைத்து, நீங்கள் பக்கத்தில் இல்லாமல், அவரையே ஒரு குதிரைப் படத்தைத் திறந்து எடுக்கச் சொல்லுங்கள். அவர் தடுமாறுகிற இடத்தில் இன்னும் ஒரு வரி சேர்த்து எழுதுங்கள்.